1970 ஜனவரி 1, காலை 5.30: போனுக்குத் தேதி தப்பிய கதைகள்



செமஸ்டர் முடிந்து கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைத்திருக்கிறது. அதனால் இந்தக் கட்டுரை வழக்கத்தைவிட நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

விஷயம் இதுதான். போனில் தேதி சம்பந்தப்பட்ட பிழை வந்தபோதெல்லாம் அதைக் காசு கொடுத்து வாங்கியவர்கள் என்ன செய்தார்கள்? இதில் என்ன வரலாறு இருக்கிறது என்று கேட்பீர்கள். நிறைய இருக்கிறது. அதிலும் தஞ்சாவூர்க்காரர்களான நமக்கு இது புதுப் பிரச்சினையே இல்லை என்பது என் கட்சி. ஆயிரம் வருஷமாக நாம் தேதிக் குழப்பத்தோடு குடித்தனம் நடத்தி வருகிறோம். அதை எப்படிச் சமாளித்தோம் என்று பார்த்தால், இன்றைய போன் கம்பெனிகளுக்கும் நமக்கும் ஒன்றிரண்டு பாடம் கிடைக்கும்.

அது என்ன 5.30?

உங்கள் போனிலோ கம்ப்யூட்டரிலோ ஏதாவது ஒரு ஃபைலில் "1970 ஜனவரி 1, காலை 5.30" என்று தேதி காட்டிப் பார்த்திருக்கிறீர்களா? நீங்கள் பிறப்பதற்கு முன்னால், ஏன், உங்கள் அப்பா டவுசர் போட்ட காலத்தில் எடுத்த செல்ஃபி மாதிரி இருக்கும். :-)

காரணம் எளிது. யூனிக்ஸ் என்ற இயங்குதளமும் அதன் வழி வந்தவையும் நாளையோ மாதத்தையோ நினைவில் வைத்துக்கொள்வதில்லை. கிரீன்விச் நேரப்படி 1970 ஜனவரி 1 நள்ளிரவிலிருந்து எத்தனை விநாடி ஆயிற்று என்று ஒரே ஒரு எண்ணை மட்டும் வைத்துக்கொள்கின்றன. ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் இதே கதைதான். தேதி தெரியாத இடத்தில் அந்த எண் பூஜ்யமாக இருக்கும். பூஜ்யம் என்றால் கிரீன்விச்சில் நள்ளிரவு, நமக்கு ஐந்தரை மணி நேரம் கூட. அதனால் இந்தியாவில் காலை 5.30. அமெரிக்காவில் அதே பூஜ்யம் 1969 டிசம்பர் 31 சாயங்காலமாகத் தெரியும்.

2015 டிசம்பர் 31 அன்று ஃபேஸ்புக் பலருக்கு "நீங்கள் இருவரும் நண்பர்களாகி 46 வருடம் ஆகிறது" என்று வாழ்த்துச் சொன்னது. அந்தத் தளம் தொடங்கியதே 2004-ல்தான். 2015-லிருந்து 46-ஐக் கழித்துப் பாருங்கள், விடை 1969. இதுவும் பூஜ்யம் செய்த வேலைதான். பெரும்பாலான மக்கள் சிரித்துவிட்டுப் படம் பிடித்துப் பகிர்ந்தார்கள்.

எல்லாத் தேதிப் பிழையும் இப்படிச் சிரித்துவிட்டுப் போகிற மாதிரி இருக்கவில்லை. வரிசையாகப் பார்ப்போம்.

சில சம்பவங்கள்

முதலில் போன் அல்ல, பாட்டுக் கேட்கும் கருவி. மைக்ரோசாஃப்டின் சூன் என்ற பிளேயர். 2008 டிசம்பர் 31 அன்று அதன் 30 ஜிபி மாடல்கள் கூட்டம் கூட்டமாக உறைந்து நின்றன. அது லீப் வருடத்தின் 366-ஆவது நாள். உள்ளே இருந்த கடிகார நிரல், நாள் எண்ணிக்கை 365-ஐத் தாண்டினால் ஒரு சுழலுக்குள் போகும். லீப் வருடம் என்றால் 366-க்கு மேல் இருக்கிறதா என்று பார்த்துக் கழிக்கும். சரியாக 366 என்றால்? கழிக்கவும் கழிக்காது, வெளியே வரவும் வராது, செக்குமாடு மாதிரி சுற்றிக்கொண்டே இருக்கும். கம்பெனி சொன்ன வைத்தியம்: பேட்டரி தீரும் வரை விடுங்கள், மறுநாள் கிரீன்விச் நேரம் மதியத்துக்கு மேல் சார்ஜ் போட்டு இயக்குங்கள். அதாவது, சும்மா இருங்கள், நாளைக்குச் சரியாகிவிடும். அப்படியே சரியாகவும் ஆனது. ஆனால் புத்தாண்டுக்கு முந்தைய ராத்திரி பாட்டு இல்லாமல் போனவர்கள் கோபப்பட்டார்கள், கேலி செய்தார்கள்.

அடுத்த வருடமே இன்னொன்று. 2010 பிறந்ததும் விண்டோஸ் மொபைல் போன் வைத்திருந்த சிலருக்கு வந்த குறுஞ்செய்திகளில் 2016 என்று தேதி விழுந்தது. பத்து எப்படிப் பதினாறு ஆகும்? கம்ப்யூட்டரில் 10 என்று எழுதியதைப் பதினாறடிமான எண்ணாகப் படித்தால் 16 என்று வரும். அதுதான் நடந்திருக்க வேண்டும் என்று பலரும் விளக்கினார்கள். அதே வாரத்தில் ஜெர்மனியில் சுமார் 3 கோடி வங்கி அட்டைகளின் சிப் 2010 என்ற வருடத்தைப் புரிந்துகொள்ள முடியாமல் தடுமாறியது. வெளியூருக்கு விடுமுறைக்குப் போனவர்கள் பணம் எடுக்க முடியாமல் நின்றார்கள். குறுஞ்செய்தியில் தேதி தப்பினால் சிரிக்கலாம். ஏடிஎம் வாசலில் சிரிப்பு வராது.

2011 ஜனவரி 1, 2. ஐபோனில் ஒருமுறை மட்டும் அடிக்கும்படி வைத்த அலாரங்கள் அடிக்கவில்லை. வேலைக்குத் தாமதமானவர்கள், விமானத்தைத் தவறவிட்டவர்கள் இணையத்தில் கொட்டித் தீர்த்தார்கள். ஜனவரி 3 முதல் தானாகவே சரியாகும், அதுவரை தினமும் அடிக்கும் அலாரமாக வைத்துக்கொள்ளுங்கள் என்றது ஆப்பிள். அதற்குச் சில வாரம் முன்புதான், 2010 அக்டோபர் - நவம்பரில், கோடைக்கால நேர மாற்றத்தின்போது அலாரம் ஒரு மணி நேரம் முன்பின்னாக அடித்து ஆஸ்திரேலியாவிலும் ஐரோப்பாவிலும் மக்கள் எரிச்சலில் இருந்தார்கள். ஒரு முறை என்றால் மன்னிப்பார்கள். இரண்டாவது முறை "திரும்பவுமா?" என்பார்கள்.

2012 நவம்பரில் வந்த ஆண்ட்ராய்டு 4.2-ல் தொடர்புகள் பட்டியலில் பிறந்தநாள் போடப் போனால் மாதம் ஜனவரியிலிருந்து நவம்பர் வரைதான் இருந்தது. டிசம்பரே இல்லை! டிசம்பர் 12-ல் பிறந்த சூப்பர் ஸ்டார் ரசிகர்கள் என்ன செய்வார்கள் சொல்லுங்கள். சில நாட்களிலேயே 4.2.1 வந்து டிசம்பரைத் திருப்பித் தந்தது. யாருக்கும் பெரிய நஷ்டம் இல்லாததால் இது உலக நகைச்சுவையாக முடிந்தது.

2016 பிப்ரவரியில் வந்ததுதான் கொஞ்சம் பயங்கரம். ஐபோன் 5எஸ்-ம் அதற்குப் பிந்தைய மாடல்களும் தேதியை 1970 ஜனவரி 1-க்கு மாற்றி அணைத்துப் போட்டால் மறுபடி உயிர் பெறவில்லை. பழைய ஆப்பிள் சின்னம் வரும், ரகசிய தீம் கிடைக்கும் என்று ஒரு போலி விளம்பரத்தைச் சில குறும்பர்கள் பரப்பினார்கள். அதை நம்பிச் செய்து பார்த்தவர்கள் கையில் செங்கல் மிஞ்சியது. பேட்டரி முழுதும் வற்றும்வரை காத்திருந்தோ, கழற்றி மாட்டியோ சிலர் மீட்டார்கள். மார்ச் மாதம் ஐஓஎஸ் 9.3-ல் ஆப்பிள் இதைச் சரிசெய்தது.

2017 டிசம்பர் 2, நள்ளிரவு 12.15. ஐஓஎஸ் 11.1.2 போட்ட ஐபோன்கள் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆயின. செயலிகள் நினைவூட்டல் அனுப்பும்போது இந்தக் கோளாறு. அவரவர் ஊர் நேரப்படி 12.15 என்பதால் பிழை கிழக்கிலிருந்து மேற்காகச் சூரியனோடு நகர்ந்தது. நமக்கு அது வந்தபோது அமெரிக்காவில் இன்னும் டிசம்பர் 1 மதியம்தான். நம் செய்திகளில் அந்த வாரம் குமரி மாவட்டத்தைப் புரட்டிப்போட்ட ஒக்கி புயல்தான். இணையத்தில் மட்டும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்ட கை வைத்தியம்: தேதியை டிசம்பர் 1-க்குப் பின்னால் தள்ளுங்கள். அன்றே 11.2 பதிப்பை ஆப்பிள் வெளியிட்டது.

வாடிக்கையாளர்கள் செய்த நான்கு காரியங்கள்

இத்தனையையும் வரிசைப்படுத்திப் பார்த்ததில் ஜனங்கள் நான்கு விதமாக நடந்துகொள்கிறார்கள் என்று தோன்றுகிறது.

ஒன்று, சிரிப்பது. நஷ்டம் இல்லாத இடத்தில் மட்டும்.

இரண்டு, மெஷினை ஏமாற்றுவது. தேதியைப் பின்னால் தள்ளுவது. இது நமக்குக் கைவந்த கலை. டிரையல் சாஃப்ட்வேர் முப்பது நாளில் முடிந்துவிடக் கூடாது என்று கம்ப்யூட்டர் தேதியைப் பின்னால் வைப்பதும், கேண்டி கிரஷ்ஷில் உயிர் சேர வேண்டும் என்று போன் தேதியை முன்னால் வைப்பதும் நம் வகுப்பில் யாருக்குத் தெரியாது?

மூன்று, காத்திருப்பது. கம்பெனியே "நாளைக்குச் சரியாகிவிடும்" என்று சொல்லும்போது வேறு வழி இல்லை.

நான்கு, கோபப்படுவது. கவனித்துப் பாருங்கள், பிழை எவ்வளவு பெரியது என்பதைப் பொறுத்துக் கோபம் வருவதில்லை. அந்தத் தேதியை நம்பி ஒருவர் என்ன ஒப்படைத்திருந்தார் என்பதைப் பொறுத்துத்தான் வருகிறது. டிசம்பர் மாதமே காணாமல் போனதற்குச் சிரித்தவர்கள், ஒரே ஒரு அலாரம் அடிக்காததற்குச் சண்டை போட்டார்கள்.

ஐந்தாவதாக இன்னொன்றும் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் நம்ம ஊர்க் கதை.

அறுபதோடு பூஜ்யமாகும் கணக்கு

ஒய்2கே பிரச்சினை எல்லாருக்கும் தெரியும். இடத்தை மிச்சம் பிடிக்க வருடத்துக்குக் கடைசி இரண்டு இலக்கம் மட்டும் எழுதினார்கள். 2000 வந்தபோது 00 என்பது 1900-ஆ 2000-ஆ என்ற குழப்பம். அதைச் சரிசெய்யும் வேலை நம் நாட்டு ஐடி கம்பெனிகளுக்குப் பெரிய வாய்ப்பாக வந்ததும் தெரிந்த கதை.

நம் முன்னோர்கள் நூறு வருடம்கூடக் காத்திருக்கவில்லை. பிரபவ முதல் அட்சய வரை அறுபது பெயர்கள். அறுபது முடிந்தால் மறுபடி பிரபவ. மன்மத என்றால் 1955-56-ஆ, 2015-16-ஆ? பெயரை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

தாது வருடப் பஞ்சம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். தென்னிந்தியாவையே உலுக்கிய 1876-78 பஞ்சம் அது. ஆனால் தாது வருடம் 1936-லும் வந்தது, 1996-லும் வந்தது. அப்படியிருந்தும் "தாது வருடப் பஞ்சம்" என்றால் எது என்று யாருக்கும் சந்தேகம் வரவில்லை. தேதி தராத விடையை ஜனங்களின் நினைவு தந்தது. நினைவு இருக்கும் வரை இந்தக் கணக்கு ஓடும். ஊரில் கடைசிக் கிழவர் போன பிறகு, ஏட்டில் "தாது வருடம்" என்று மட்டும் இருந்தால் அது வெறும் இரண்டு இலக்க வருடம்தான்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது திருக்கடையூர். கம்ப்யூட்டரில் எண்ணிக்கை முழுச் சுற்று முடிந்து பூஜ்யத்துக்குத் திரும்பினால் அலறுகிறார்கள். நம் டெல்டாவில் அதையே சஷ்டியப்த பூர்த்தி என்று சொல்லி, மாலை மாற்றி, மறுபடி தாலி கட்டிக் கொண்டாடுகிறோம். பிறந்த வருடத்தின் பெயர் திரும்பி வரும் நாள் அது. இதைவிட அழகாக எந்தக் கம்பெனியும் ரோல்ஓவரைக் கையாண்டதில்லை!

பெரிய கோயில் கல்லில் ஒரு சரிபார்ப்பு

பெரிய கோயில் கல்வெட்டில் ராஜராஜன் விமானத்தின் உச்சியில் வைக்கச் செப்புக் குடம் கொடுத்த நாள் இப்படி இருக்கிறது: ஆட்சியின் இருபத்தைந்தாவது ஆண்டு, இருநூற்று எழுபத்தைந்தாவது நாள். யூனிக்ஸ் மாதிரியேதான். ஒரு தொடக்கப் புள்ளி, அதிலிருந்து எண்ணிக்கை. ஆனால் பூஜ்யம் எந்த நாள் என்று கல்லில் இல்லை. அரசன் பட்டமேறிய நாள் அன்றைக்கு ஊருக்கே தெரியும், எழுத வேண்டிய அவசியம் என்ன? யூனிக்ஸ் எழுதியவர்களும் அப்படித்தானே நினைத்திருப்பார்கள்.

பல நூற்றாண்டு கழித்து அந்தப் பூஜ்யத்தைத் தேட வேண்டியிருந்தது. ஜெர்மானிய அறிஞர் கீல்ஹார்ன், சோழர் கல்வெட்டுகளில் ஆட்சியாண்டோடு சேர்த்து எழுதியிருந்த கிழமை, நட்சத்திரம், திதி போன்ற குறிப்புகளை வானியல் கணக்கோடு ஒத்துப் பார்த்தார். ராஜராஜன் பட்டமேறியது கி.பி. 985 ஜூன் கடைசிக்கும் ஜூலை கடைசிக்கும் இடையில் என்று கணித்தார். அதிலிருந்துதான் அந்தச் செப்புக் குடத்தின் நாள் கி.பி. 1010-ல் விழுகிறது. 2010 செப்டம்பரில் தஞ்சாவூரில் ஆயிரமாவது ஆண்டு விழா கொண்டாடினோமே, அந்த "ஆயிரம்" இப்படி வந்ததுதான்.

இந்தக் கணக்குகளை எல்லாரும் போடும்படி அட்டவணையாக்கித் தந்தவர் நம்மவர் எல்.டி. சாமிக்கண்ணு பிள்ளை. 1911-ல் இந்தியக் காலக்கணிதம் பற்றிய நூலும், 1922-ல் பல தொகுதிகளாகப் பஞ்சாங்க அட்டவணைகளும் வெளியிட்டார். கல்வெட்டில் உள்ள மாதம், திதி, கிழமையைக் கொண்டு ஆங்கிலத் தேதியைக் கண்டுபிடிக்கலாம். கம்ப்யூட்டர் இல்லாத காலத்துத் தேதி மாற்றும் மென்பொருள் என்றே சொல்லலாம்.

இங்கே ஒரு நுணுக்கம். கிழமையும் நட்சத்திரமும் தேதியைச் சொல்ல அவசியமே இல்லை. ஆட்சியாண்டும் நாளும் போதும். ஆனால் அந்த "தேவையில்லாத" தகவல்தான் பின்னால் காப்பாற்றியது. ஒன்று தப்பினால் இன்னொன்று காட்டிக்கொடுக்கும். கம்ப்யூட்டர் படிக்கும் நண்பர்கள் இதைச் செக்சம் என்பார்கள். இரண்டு இலக்கத்தை மிச்சம் பிடித்தவர்கள் இழந்தது இதைத்தான்.

பக்கத்துக் கோட்டையில் பதினொரு நாள் முன்னே

1749-ல் ஆங்கிலேயர்கள் கொள்ளிடம் கடலில் சேரும் இடத்தில் இருந்த தேவிகோட்டையைத் தஞ்சை மராட்டியரிடமிருந்து பிடித்தார்கள். அதற்குத் தெற்கே நாகப்பட்டினத்தில் டச்சுக்காரர்கள், காரைக்காலில் பிரெஞ்சுக்காரர்கள். டச்சும் பிரெஞ்சும் கிரகோரியன் காலண்டர். ஆங்கிலேயர்கள் இன்னும் பழைய ஜூலியன் காலண்டர். ஒரே கடற்கரை, ஒரே வெயில், ஆனால் ஒரு கோட்டையில் பத்தாம் தேதி என்றால் இன்னொன்றில் இருபத்தொன்று! இது போக ஊர்க்காரர்களின் ஆனி, ஆடி தனி.

1752 செப்டம்பரில் ஆங்கிலேயர்கள் மாறினார்கள். 2-ஆம் தேதிக்கு அடுத்த நாள் 14-ஆம் தேதி. "எங்கள் பதினொரு நாளைத் திருப்பிக் கொடு" என்று இங்கிலாந்தில் கலவரம் நடந்ததாக ஒரு கதை உண்டு. ஓவியர் ஹோகார்த் வரைந்த தேர்தல் படம் ஒன்றில் அந்த வாசகம் வரும். ஆனால் அப்படி ஒரு கலவரம் நடந்ததற்கு ஆதாரம் இல்லை என்பதே இன்றைய வரலாற்றாசிரியர்கள் கருத்து. வாடிக்கையாளரின் கோபம் கதையாகப் பெருகுவது ட்விட்டர் காலத்துக்கு முன்பே இருந்திருக்கிறது பாருங்கள்.

நிஜமாகவே தெருவுக்கு வந்தது பம்பாயில். 1906-ல் இந்தியா முழுவதற்கும் ஒரே நேரம் என்று வந்தபோது, பம்பாய் நேரத்துக்கும் அதற்கும் கிட்டத்தட்ட நாற்பது நிமிட வித்தியாசம். வேலைக்குப் போகும் நேரம் மாறியதை எதிர்த்து மில் தொழிலாளர்கள் போராடினார்கள். சென்னை நேரத்துக்கு வித்தியாசம் ஒன்பது நிமிடம்தான். அலாரக் கதை ஞாபகம் இருக்கிறதா? யாருடைய தூக்கமும் கூலியும் பாதிக்கப்பட்டதோ அவர்கள்தான் கேள்வி கேட்டார்கள்.

அந்த 1752 காலத்தில் இரண்டு காலண்டருக்கும் நடுவே வாழ்ந்த ஒருவர் எப்படிச் சமாளித்தார் தெரியுமா? புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பில் ஐரோப்பியத் தேதியையும், தமிழ் வருடம், மாதம், நாளையும் சேர்த்தே எழுதினார். எது தப்பினாலும் இன்னொன்று இருக்கும். மறுபடியும் அதே செக்சம்.

ஒரே சனி, இரண்டு தேதி

இதெல்லாம் பழங்கதை என்று நினைக்காதீர்கள். திருநள்ளாறில் சனிப்பெயர்ச்சி 2023 டிசம்பர் 20-ல் நடந்தது. திருக்கணிதப் பஞ்சாங்கப்படி அதே பெயர்ச்சி 2023 ஜனவரி 17-லேயே முடிந்துவிட்டது! திருநள்ளாறு கோயில் பின்பற்றுவது வாக்கியப் பஞ்சாங்கம். 2025 மார்ச் 29-ல் அடுத்த பெயர்ச்சி என்று திருக்கணிதம் சொல்ல, எங்கள் கோயிலில் 2026-ல்தான் என்று கோயில் தரப்பில் விளக்கம் தர வேண்டியிருந்தது.

வாக்கிய முறையை லேசாக நினைக்க வேண்டாம். 1825-ல் வெளிவந்த நூலில் ஜான் வாரன் என்ற அதிகாரி, புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த வாய்பாட்டைக் கொண்டு சந்திர கிரகணம் கணித்ததைப் பதிவு செய்திருக்கிறார். விடையில் பிழை ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. கலியுகத் தொடக்கத்திலிருந்து எத்தனை நாள் என்ற ஒரே எண்ணில்தான் அந்தக் கணக்கு தொடங்கும். யூனிக்ஸின் விநாடிக்கு நம் தாத்தா!

அரசாங்கமும் சரிசெய்யப் பார்த்தது. 1952-ல் மேகநாத சாகா தலைமையில் காலண்டர் சீர்திருத்தக் குழு அமைத்து, 1957 மார்ச் 22 முதல் தேசியக் காலண்டர் என்று அறிவித்தார்கள். அரசிதழில் அந்தத் தேதி இருக்கிறது. நம்மில் எத்தனை பேருக்கு இன்று சக ஆண்டு எத்தனை என்று தெரியும்? 2008-ல் தமிழக அரசு சட்டம் போட்டுத் தை முதல் நாளைப் புத்தாண்டு ஆக்கியது, 2011-ல் அடுத்த அரசு ரத்து செய்தது. இரண்டு நாளும் வாழ்த்துச் சொல்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். எந்தக் கட்சி சரி என்று நான் சொல்ல வரவில்லை. மேலிருந்து வரும் அப்டேட்டை எல்லாரும் இன்ஸ்டால் செய்துகொள்வதில்லை, அவ்வளவுதான்.

ஐந்தாவது காரியம்

இப்போது அந்த ஐந்தாவதுக்கு வருவோம்.

2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. அங்கே இருக்கும் என் பெரியப்பாவின் மலிவு விலை போன் முழுக்கச் சார்ஜ் தீர்ந்து செத்துக் கிடந்தது. எங்கோ ஜெனரேட்டரில் சார்ஜ் போட்டு உயிர்ப்பித்தபோது தேதி பல வருடம் பின்னால் போயிருந்தது. தானாக நேரம் எடுத்துக்கொள்ளும் வசதி அணைத்துக் கிடந்தது போல. வாட்ஸ்அப்பைத் திறந்தால் தேதி தவறு என்று சொல்லி உள்ளே விடவில்லை. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் அண்ணனுக்கு "நாங்க நல்லா இருக்கோம்" என்று ஒரு வரி அனுப்ப முடியவில்லை.

பெரியப்பா கம்பெனியைத் திட்டவில்லை, சிரிக்கவில்லை, காத்திருக்கவும் இல்லை. "தம்பி, நான் எதையோ அமுக்கிக் கெடுத்துட்டேன்டா" என்றார். ஒரு கடையில் காசு கொடுத்துச் சரிசெய்து வந்தார். செட்டிங்ஸில் ஒரு நிமிட வேலை. என்ன கோளாறு என்று அங்கே யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

இதுதான் ஐந்தாவது. தன்மேலேயே பழி போட்டுக்கொள்வது. உலகச் செய்திகளில் இது வராது. ட்விட்டரில் கத்துகிறவர்கள் எண்ணிக்கையில் இவர்கள் இருக்க மாட்டார்கள். ஆனால் நம் பக்கத்தில் மிக அதிகமானவர்கள் இவர்கள்தான் என்று நான் நினைக்கிறேன்.

தேதி தப்பினால் போன் ஏன் இப்படி முரண்டு பிடிக்கிறது? ஒரு பாதுகாப்பான தளத்தோடு பேசும்போது அது உண்மையான தளம்தானா என்று போன் ஒரு சான்றிதழைப் பார்க்கும். அந்தச் சான்றிதழுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. போன் 2012-ல் இருப்பதாக நினைத்துக்கொண்டால், இன்றைய சான்றிதழ் அதற்கு இன்னும் பிறக்கவே இல்லை. அதனால் வங்கிச் செயலி, பணப் பரிமாற்றம், அரசு இணையதளம் எல்லாம் கதவைச் சாத்திக்கொள்ளும்.

டெல்டாவில் தேதி என்றால் சோறு. ஜூன் 12 என்றால் மேட்டூர் திறப்பு என்பது குறுவைக்காரர்களுக்கு மனப்பாடம். சம்பா பயிர்க் காப்பீட்டுக்கு நவம்பர் 15 கடைசி நாள் என்று பல வருடம் அறிவித்திருக்கிறார்கள். அந்தக் கடைசி நாள் ராத்திரியில் ஒருவர் கையில் இருக்கும் போன் "தேதி தவறு" என்றால், நஷ்டம் ஒரு அலாரத்தோடு போகாது.

2038-க்கு இன்னும் நேரம் இருக்கிறது

விநாடிகளை 32 பிட் எண்ணில் வைக்கும் கருவிகளுக்கு 2038 ஜனவரி 19, நம் நேரம் காலை 8 மணி 44 நிமிடம் 7 விநாடியோடு இடம் முடிகிறது. அடுத்த விநாடி அவை 1901 டிசம்பருக்குப் போய்விடும். மேட்டூர் அணையே கட்டாத காலம் அது! நமக்கோ பொங்கல் முடிந்து சம்பா அறுவடை நடக்கும் நேரம். புதிய 64 பிட் போன்களுக்குப் பயம் இல்லை. ஆனால் பழைய கருவிகளை நம் ஊரில் யாரும் அவ்வளவு சீக்கிரம் தூக்கிப் போடுவதில்லை. அண்ணன் போன் தம்பிக்கு, தம்பி போன் அப்பாவுக்கு என்று போகும்.

இதை நல்லபடியாகச் செய்த உதாரணமும் உண்டு. ஜிபிஎஸ் வார எண்ணிக்கை பூஜ்யமானதால், 2012-ல் வந்த ஐபோன் 5 வைத்திருப்பவர்கள் 2019 நவம்பர் 3-க்குள் அப்டேட் செய்தாக வேண்டும் என்று ஆப்பிள் முன்கூட்டியே அறிவித்தது. ஏழு வருடப் பழைய போனுக்கு! கெடு கிரீன்விச் நள்ளிரவு, நமக்கு அதே காலை 5.30.

ஆக, கல்வெட்டும் போனும் சேர்ந்து சொல்லும் பாடம் என்று நான் எடுத்துக்கொண்டது மூன்று. தேதியை ஒரே எண்ணில் மட்டும் நம்பாதே, சரிபார்க்க இன்னொன்றை வை. பூஜ்யம் எப்போது வரும் என்று முன்கூட்டியே சொல். தப்பினால் அது யார் தப்பு என்று வாடிக்கையாளருக்குப் புரியும் மொழியில் சொல். மூன்றாவதுதான் ரொம்பக் குறைவாக நடக்கிறது. போன் "தேதி தவறு" என்று சொல்வதற்குப் பதில், "இது உங்கள் தவறு அல்ல, இதை அழுத்தினால் சரியாகும்" என்று தமிழில் ஒரு வரி காட்டினால் பெரியப்பா மாதிரி ஆட்களுக்கு ஒரு நடையும் கொஞ்சம் காசும் மிச்சம்.

அதுவரை நாம் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. இன்று வீட்டில் பெரியவர்கள் போனை வாங்கி, செட்டிங்ஸில் தேதியும் நேரமும் தானாக எடுத்துக்கொள்ளும்படி வைத்துவிடுங்கள். அப்படியே அவர்களிடம் பிறந்த தமிழ் வருடத்தின் பெயரையும் கேட்டு, பக்கத்தில் ஆங்கில வருடத்தையும் சேர்த்து எழுதி வையுங்கள். அறுபது வருடம் கழித்துப் பார்க்கிறவர்களுக்கு உதவும்.

அடுத்த கட்டுரையில் சந்திப்போம்.